மம்பட்டிக்கு வருசத்துல ஒரு நாள்தான் பூசை

வா அம்மிணி, இப்படித் திண்ணையில உக்காரு. மம்பட்டி, கொத்து, கடப்பாரை, ஸ்பேனர் செட்டு, கெணத்து மோட்டாரு எல்லாத்துக்கும் உன்ற அம்மாயி சந்தனம் வெச்சு முடிச்சா. கடைசியில நீ லேப்டாப்பைக் கொண்டாந்து வரிசையில வெச்சே. ஆயுதபூசைன்னா அவங்கவங்க ஆயுதத்தைத்தானே வெக்கோணும், சரிதான். ஆனா அதும் மூடி மேல ஒரு ஸ்டிக்கரு பாத்தேன், கவட்டையைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி. என்ன சாமி இதுன்னு கேட்டா, "லாம்டா அப்புச்சி, லிஸ்ப்போட அடையாளம்"னே. மூணு மாசமா அதைத்தான் படிக்கறியாம். அது உன்ற கண்ணைத் தொறந்து உட்டுருச்சாம்.

தொறந்த கண்ணால என்ன பண்ணினேன்னு கேட்டேன். ஃபேக்டோரியல் போட்டேன்னே. பொறவு ஃபிபோனச்சி. பொறவு ஹனோய் கோபுரம். ஏன் அம்மிணி, உன்ற ஆபீஸ்ல எவராச்சும் வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்து, "அஞ்சு மணிக்குள்ள ஒரு ஃபேக்டோரியல் வேணுமுங்க, இல்லைன்னா கஸ்டமர் போயிருவாரு"ன்னு நின்னிருக்காங்களா?

நானும் அந்த லிஸ்ப்பைத்தான் இருபத்தஞ்சு வருசம் ஓட்டுனேன்னு சொன்னதும் நீ ஒரு பார்வை பாத்தே பாரு. மாட்டு வண்டிக்காரன் ஏரோப்ளேன் லைசென்ஸை மடியில இருந்து எடுத்துக் காட்டின மாதிரி. என்ன பண்றது, எனக்கு அது ஞானம்னு யாரும் சொல்லித் தரல. சொல்லியிருந்தா நானும் பயந்துக்கிட்டு கும்பிட்டுட்டு ஒதுங்கியிருப்பேன்.

நான் ஐடிஐ-ல டிராஃப்ட்ஸ்மேன் படிச்சவன். கோயமுத்தூர்ல டிராயிங் ஆபீஸ்ல சேந்தப்ப டிரேசிங் ஷீட்டு, ரோட்ரிங் பேனா, மினி டிராஃப்டரு. கோடு தப்பாப் போச்சுன்னா பிளேடை எடுத்து மையைச் சொரண்டோணும். அம்மோனியா பிரிண்டு எடுத்த நாத்தம் நாலு துவைப்புக்குச் சட்டையை உட்டுப் போகாது. பொறவு கம்ப்யூட்டரு வந்துச்சு, ஆட்டோகேடு வந்துச்சு. அதுக்குள்ள ஆட்டோலிஸ்ப்புன்னு ஒண்ணு குடி இருந்துச்சு. 1986-ல, ஆட்டோகேடு 2.18-ம் பதிப்புல வந்து சேந்ததாம். டேவிட் பெட்ஸுன்னு ஒருத்தரு எழுதின எக்ஸ்லிஸ்ப்புல இருந்து எடுத்துக் கட்டினதாம். இந்தப் பூர்வீகமெல்லாம் நான் ரிட்டயர்டு ஆகி வூட்டுல குந்தின பொறவு தெரிஞ்சுக்கிட்டது. அப்ப எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: எல்எஸ்பி-ன்னு முடியற ஃபைலை லோடு பண்ணினா ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அதுல எந்த வேலையையும் 'டீஃபன்'னுதான் ஆரம்பிக்கோணும். டிஃபைன் ஃபங்ஷன்ங்கறதோட சுருக்கம். நாங்க டிபன்னுதான் படிச்சோம். "என்னப்பா, டிபன் போட்டாச்சா?"ன்னு டேபிளுக்கு டேபிள் கேட்டுக்குவோம். எந்நேரமும் இவனுக சோத்து நெனப்பாவே இருக்கானுகன்னு மொதலாளி தலையில அடிச்சுக்குவாரு.

அந்தக் காலத்துல ஒரு நாள் நடந்த கூத்தைச் சொல்றேன். சாயங்காலம் அஞ்சரை மணி இருக்கும். சைட் போட்டு விக்கற பார்ட்டி ஒருத்தரு வந்தாரு, கூடவே ஒரு ஜோசியரு. 212 சைட்டு லேஅவுட்டு. மறுநா காலையில அப்ரூவலுக்கு ஃபைல் போகோணும். ஜோசியரு லேஅவுட்டைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குறாரு. எட்டு ஆகாதாம். எட்டாம் நம்பர் சைட்டு விக்காது. வித்தாலும் வூடு கட்ட மாட்டான். கட்டினாலும் குடி இருக்க மாட்டான். எட்டு மட்டும் இல்ல, கூட்டினா எட்டு வர்ற எதுவும் ஆகாது. 17 ஆகாது, 26 ஆகாது, 35 ஆகாது. அதையெல்லாம் தாண்டி நம்பர் போட்டுக் குடுங்கன்னாரு.

எட்டைத் தாண்டினா அங்கிருந்து கடைசி வரைக்கும் 205 சைட்டு நம்பரும் மாறும். ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி, அழிச்சு, அடிச்சு முடிக்கறதுக்குள்ள கோழி கூப்பிட்டுரும். அதுல எங்காச்சும் ஒண்ணை ரெண்டு தடவை அடிச்சுட்டா, ஒரே நம்பருக்கு ரெண்டு பேரு பத்திரத்தைத் தூக்கிட்டு வருவாங்க. கூட வேலை பாத்த பசங்க ரெண்டு பேரு மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு.

நான் செத்த நேரம் மேல ஃபேனைப் பாத்தேன். கூட்டினா எட்டு வர்றதுன்னா என்ன? ஒம்பதால வகுத்தா மீதி எட்டு நிக்கறது. 8, 17, 26, 35, ஒம்பது ஒம்பதாத் தாண்டுது. 89 கூட அந்த வரிசைதான்; எட்டும் ஒம்பதும் பதினேழு, ஒண்ணும் ஏழும் எட்டு. அப்படின்னா எட்டு சைட்டுக்கு ஒரு தடவை ஒரு நம்பரைக் கூடுதலாத் தள்ளிக்கிட்டே போனாப் போதும். ஜோசியரு சொன்ன சாஸ்திரம் முச்சூடும் ஒரு வரியில அடங்கிருச்சு:

(+ ந (/ ந 8))

'ந'ங்கறது பழைய நம்பரு. ஆட்டோலிஸ்ப்புல முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா மீதியைத் தூக்கி வீசிரும். ஏழை எட்டால வகுத்தா சுழி, அதனால ஏழு ஏழாவே நிக்கும். எட்டை வகுத்தா ஒண்ணு, எட்டு ஒம்பதாயிரும். பதினஞ்சு பதினாறாகும். பதினாறை வகுத்தா ரெண்டு, அது பதினெட்டாகும். நடுவுல பதினேழு காணாமப் போச்சு பாரு. கடைசி சைட்டு 212-க்குப் பதிலா 238 ஆச்சு.

மிச்சமெல்லாம் கூலி வேலை. ஆட்டோகேடுக்கு டிராயிங்குல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு குறி எண் உண்டு. குறி எண்ணும் அதோட மதிப்பும் புருசன் பொண்டாட்டி மாதிரி ஜோடியா, பெரும்பாலும் நடுவுல ஒரு புள்ளியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். 1-க்குப் பக்கத்துல எழுத்து. 10-க்குப் பக்கத்துல அது நிக்கற எடம். 40-க்குப் பக்கத்துல எழுத்தோட உசரம். 1-ஐத் தேடிப் பிடிச்சு, அதோட ஜோடியை எடுத்து, எண்ணா மாத்தி, நம்ம வரியில உட்டு, திரும்ப எழுத்தாக்கி, பழைய எடத்துல உக்கார வெக்கோணும். தீந்துச்சு.

ஜோடியில முன்னால இருக்கறதை எடுக்க 'கார்', பின்னால இருக்கறதை எடுக்க 'குடர்'. இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்றான், நான் என்ன பண்றது? கோழியறுக்கற மாதிரி நெனச்சுக்கிட்டேன், தலையை எடுத்தா கார், மிச்சத்தைத் தொறந்தா குடர். மறந்தே போகாது. அந்தப் பேருக எங்கிருந்து வந்துச்சுன்னு நீதான் பெருமையாச் சொன்னே. 1950-கள்ல ஐபிஎம் 704-ன்னு ஒரு மெஷினு. அதும் நெனவகத்துல ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் அட்ரஸ், டிக்ரிமென்ட்டுன்னு பகுதிக. அதுகளைக் குறிக்க வெச்ச சுருக்கப் பேருக. மெஷினு எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருச்சு, பேரு மட்டும் நிக்குது. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குது? நம்மூர்ல மில்லு மூடி இருபது வருசமாச்சு. கண்டக்டரு இன்னும் "மில்லு ஸ்டாப்பு எறங்கு"ன்னுதானே கத்தறாரு.

பட்டியல் தீந்து போச்சுன்னா அங்க 'நில்'னு இருக்கும். வெத்துப் பட்டியலும் நில்தான், இல்லைங்கற பதிலும் நில்தான். தமிழ் தெரியாதவனெல்லாம் இதை மனப்பாடம் பண்ணிக் கெடப்பான். நம்மளுக்கு என்ன, நில்லுன்னா நிக்கோணும். நில்லைக் கவனிக்காம ஓடினா, பிரேக் இல்லாத சைக்கிள்ல மேட்டுல இருந்து எறங்கின கதைதான்.

சரி, லேஅவுட்டுக்கு வா. மொத தடவை ஓட்டுனேன். ரோட்டுக்கெல்லாம் இங்கிலீஷ்ல '30 அடி ரோடு'ன்னு எழுதி வெச்சிருந்தோம். எழுத்தை எண்ணா மாத்தற ஃபங்ஷன் இருக்குதே, அது முன்னால இருக்கற 30-ஐ மட்டும் பொறுக்கிக்கிட்டு மிச்சத்தை உட்டுருச்சு. 30 நம்ம வரிக்குள்ள போயி 33 ஆகி வெளியே வந்துச்சு. ரோடு பூரா 33, 33, 33-ன்னு நிக்குது. அந்தப் பார்ட்டி மட்டும் அந்நேரம் எட்டிப் பாத்திருந்தா ரோட்டையும் வித்திருப்பாரு. மளார்னு அண்டூ அடிச்சுட்டு, சைட் நம்பர் இருக்கற லேயரை மட்டும் பொறுக்குன்னு சொன்னேன். ஆட்டோகேடுல லேயருக்குக் குறி எண் என்ன தெரியுமா? 8. அதை ஜோசியருகிட்ட நான் சொல்லவே இல்ல.

எழுதறதுக்கு அரை மணி நேரம், ஓடறதுக்குக் கண்ணை மூடித் தொறக்கற நேரம். ஆனா அதை வெளியே காட்டலாமா? "ராத்திரி வெகு நேரம் ஆகுமுங்க, கஷ்டமான வேலை"ன்னு சொல்லி அவியளை அனுப்பிட்டு, பசங்களைக் கூட்டிட்டுப் போயி போண்டாவும் டீயும் குடிச்சுட்டு வந்தேன். மறுநா கண்ணைக் கசக்கிக்கிட்டே பிரிண்டைக் குடுத்தேன். பில்லு ஒரு ராத்திரி வேலைக்குத்தான் போட்டது. வேலையை வெசயா முடிக்கறது ஒரு வித்தைன்னா, அதை வெளியே சொல்லாம இருக்கறது இன்னொரு வித்தை அம்மிணி. உன்ற காலேஜ்ல மொத வித்தையை மட்டும்தான் சொல்லித் தர்றாங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு நீ என்ன சொன்னே? "அப்புச்சி, அது முழு லிஸ்ப்பு இல்ல, அதுல மேக்ரோவே கெடையாது"ன்னே. ஆமா, கெடையாது. பந்தியில எலை போட்டுச் சோறு தின்னு ஏப்பம் உட்டவன்கிட்ட வந்து, "நீங்க தின்னது முழு விருந்து இல்லைங்க, பாயசம் கெடையாது"ன்னு சொன்ன மாதிரி இருக்குது.

உன்ற குருமாரு கதையையே எடுத்துக்கோ. ஜான் மெக்கார்த்தி 1958-ல எம்ஐடி-ல லிஸ்ப்பை ஆரம்பிச்சாருன்னு சொன்னே. அப்ப லிஸ்ப்பு என்னை விட ஒரு வயசு எளசு. அவரு லிஸ்ப்பை லிஸ்ப்பாலயே விளக்கற மாதிரி 'ஈவால்'னு ஒண்ணைக் காயிதத்துல எழுதினாரு. சாஸ்திரத்துக்காக எழுதினது. கூட இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் பாத்துட்டு, இதை அப்படியே மெஷின்ல ஏத்திரலாமேன்னாரு. அப்பா, இது படிக்கறதுக்கு எழுதினது, ஓட்டறதுக்கு இல்லைன்னாரு மெக்கார்த்தி. ரஸ்ஸல் காதுல போட்டுக்கல. உக்காந்து எழுதினாரு, ஓடிருச்சு. பாத்தியா? லிஸ்ப்பு மொத அடி எடுத்து வெச்சதே குரு பேச்சைக் கேக்காத ஒருத்தரால. நீயோ குருமாரு பேசினதையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு, ஓட்டறதை மட்டும் உட்டுட்டே.

அடைப்புக்குறியும் அதே கதைதான். மெக்கார்த்தி வேற ஒரு எழுத்து முறையைத்தான் மனசுல வெச்சிருந்தாரு. அடைப்புக்குறி சும்மா உள் வேலைக்குப் போட்டது. வெளி வேலைக்கான முறை வந்து சேரவே இல்ல, ஆளுக இதுக்கே பழகிட்டாங்க. கல்யாணத்துக்குப் போட்ட தகரக் கொட்டாய் பேரன் கல்யாணத்துக்கும் நிக்கற மாதிரி. உன்ற ஆபீஸ்ல யாராச்சும் "என்ன இத்தனை அடைப்புக்குறி"ன்னு சிரிச்சா, கோவிச்சுக்காதே. உங்க பைத்தான்லயும் ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி ஒண்ணைத் தொறந்து, ஒண்ணை மூடறீங்கதானே, இங்க தொறக்கறது பேருக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்குது, அவ்வளவுதான்னு சொல்லு. எங்க காலத்துல ஒண்ணு மூடாம உட்டுட்டா ஆட்டோகேடு '1>'னு காட்டும். மூணை உட்டா '3>'. எத்தனை பாக்கின்னு சொல்லிட்டு, வட்டிக்காரன் மாதிரி வாசல்லயே குந்திக்கும். இப்ப எடிட்டரே மூடிக் குடுத்துருது. உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம்?

லிஸ்ப்புக்குக் கோயில் கட்டறவங்க எல்லாரும் வயாவெப் கதையைச் சொல்லுவாங்க. நீயே மூணு தடவை சொல்லிட்டே. பால் கிரஹாமும் அவரோட கூட்டாளிகளும் 1995-ல லிஸ்ப்புல கடை கட்டற சாஃப்ட்வேர் எழுதினாங்க, 1998-ல யாஹூ வாங்குச்சு. அத்தோட கதையை நிறுத்திருவீங்க. பொறவு யாஹூக்காரங்க அதைச் சி++-லயும் பெர்ல்லயும் மாத்தி எழுதினாங்கங்கறதைச் சொல்றதில்ல. எனக்குப் பிடிச்ச கதை வேற. 1978-ல மல்டிக்ஸுங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு பெர்னார்ட் கிரீன்பெர்க் ஈமேக்ஸ் எடிட்டரை லிஸ்ப்புல எழுதினாரு. அவரு ஆபீஸ்ல டைப்பிங், ஃபைல் வேலை பாத்த செக்ரட்டரிக அதைப் பழகிட்டு, அவங்கவங்க வேலைக்கு வேணுங்கற கட்டளையை அவங்களே எழுதிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். எப்படி? அவங்களுக்குக் குடுத்த கையேட்டுல இதுக்குப் பேரு புரோகிராமிங்னு எழுதல. எழுதியிருந்தா எங்களுக்கு அதெல்லாம் வராதுங்கன்னு ஒதுங்கியிருப்பாங்க. ஈமேக்ஸை மொதல்ல உண்டாக்கின ஸ்டால்மன் 2002-ல ஒரு லிஸ்ப் மாநாட்டுல இதைச் சொன்னாரு. அந்தப் பொம்பளைகளும் நானும் ஒரே சாதி. எங்க எவரு லேப்டாப்புலயும் ஸ்டிக்கர் இல்ல. எங்களுக்கு லேப்டாப்பே இல்ல.

லிஸ்ப்புல நெசமாவே ருசியான எடம் எதுன்னு கேட்டா, நான் மடை திருப்பறதைச் சொல்வேன். உன்ற ஆபீஸ்ல எப்படி? எழுது, கட்டு, அனுப்பு, தப்புன்னா மறுபடியும் மொதல்ல இருந்து. வாய்க்காலைக் காய வெச்சு, வரப்பு கட்டி, மோட்டார் போட்டு, பாத்தி நெறையலைன்னா மோட்டாரை நிறுத்திட்டு மறுபடியும் கட்டற மாதிரி. லிஸ்ப்புல தண்ணி ஓடிட்டே இருக்கும். நீ மம்பட்டியோட கூடவே நடந்து, எந்தப் பாத்திக்கு வேணுமோ அங்க ஒரு கொத்து மண்ணை வெட்டி இக்கட்ட போட்டா தண்ணி திரும்பிரும். ஒரு ஃபங்ஷனை மட்டும் திருத்தி உள்ள உட்டா, மிச்சமெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். 1999-ல நாசாவோட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துல ஒரு லிஸ்ப் புரோகிராம் முட்டிக்கிட்டு நின்னப்ப, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால ஓடிட்டிருக்கற அதுகிட்டயே பேச்சுக் குடுத்துக் கோளாறைக் கண்டுபிடிச்சாங்களாமே. எங்களுக்கு விண்கலமெல்லாம் இல்ல. கோடு போடற ஃபங்ஷன் கோணத்தை ரேடியன்ல கேக்கும். புதுப் பையன் ஒருத்தன் 90-ன்னு குடுத்துட்டான். நட்டமா நிக்க வேண்டிய கோடு 116 டிகிரிப் பக்கமா, ராத்திரி கடையில இருந்து வர்ற ஆளு மாதிரி சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. கட்டளை வரியிலயே ஒரு தடவை தனியா அடிச்சுப் பாத்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். அவன் நூறு வரி எழுதி முடிச்சுட்டுத்தான் பாப்பேன்னு நின்னான். நீயும் அந்தச் சாதிதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொண்ணு கேளு, இது நம்ம வூட்டுச் சமாச்சாரம். தோட்டம் 4 ஏக்கர் 37 சென்ட்டு, ஆக 437 சென்ட்டு. மூணு பங்கு, அதுல ஒரு பங்குக்கு வாரிசு அஞ்சு பேரு. அந்த அஞ்சுல ஒருத்தருக்குப் பதினஞ்சுல ஒண்ணு. உன்ற மாமன் போன்ல கணக்குப் போட்டு 29.13 சென்ட்டுன்னான். அதைத் திரும்பப் பதினஞ்சால பெருக்கிப் பாரு, 436.95. மிச்சம் எங்கே? ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. அப்ப காணாமப் போனது இருபத்தோரு சதுர அடிக்கு மேல. ஒரு கயித்துக் கட்டிலைத் தாராளமாப் போடலாம். ஒரு கட்டில் எடத்துக்கு வருசக் கணக்கா கோர்ட்டுக்கு நடந்தவங்க பேரு சொல்லட்டுமா? வேண்டாம், ரெண்டு பேரு நமக்கு ஒறம்பரை.

என்ற ஆட்டோலிஸ்ப்புல (/ 437 15) போட்டா 29-ன்னு சொல்லிட்டு மீதியை வாய்க்கால்ல எறிஞ்சுரும். பதினஞ்சு பங்குக்கும் அப்படிக் குடுத்தா ரெண்டு சென்ட்டு, ஒரு சின்ன வூட்டு எடமே போச்சு. ஜோசியரு கணக்குக்கு உதவின குணம், பாகப்பிரிவினைக்கு ஆகாது. நீ கும்பிடற காமன் லிஸ்ப்புல அதே வரியைப் போட்டா என்ன வருது? நேத்து ராத்திரி நீதான் காட்டினே: 437/15. அப்படியே பின்னமா நிக்குது. பதினஞ்சால பெருக்கினா 437 முழுசாத் திரும்பி வருது. பைத்தான்லயும் இதுக்கு வழி இருக்குது, போயிக் கேட்டா குடுக்கும். இங்க கேக்காமயே குடுக்குது. ஒரே வகையறா, ஒரே அடைப்புக்குறி, ஆனா அண்ணனுக்கும் தம்பிக்கும் கணக்கு வேற. மாத்தி எழுதறப்ப இந்த எடத்துலதான் காலு வழுக்கும். இந்த ஒரு சங்கதியைக் காட்டினப்பத்தான் உன்ற மூணு மாசப் படிப்பு மேல எனக்கு மொத தடவையா மரியாதை வந்துச்சு. ஃபேக்டோரியலைக் காட்டினப்ப எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு.

இப்ப உன்ற ஆபீஸ் மேனேஜரு விசயம். பில்லிங் சிஸ்டத்தை முச்சூடும் க்ளோஜர்ல மாத்தி எழுதலாம்னு அவருக்குப் பதினாலு பக்கம் எழுதினியாமே? உன்ற அம்மா போன்ல சொன்னா. க்ளோஜரு நல்ல சரக்குதான், நான் இல்லைங்கல. ரிச் ஹிக்கி 2007-ல வெளியே உட்டாரு. ஜாவா ஓடற எடத்துலயே ஓடும். பிரேசில்ல நூபேங்க் அதுலதான் பேங்க்கே நடத்துதுங்கறே. நடத்தட்டும். அவங்க மொதல் நாள்ல இருந்தே அந்தக் கிழங்கை நட்டாங்க. நீ அடுத்தவன் தென்னந்தோப்புக்குள்ள போயி, மரத்தையெல்லாம் புடுங்கிட்டு மஞ்சள் போடலாமுங்கன்னா, தோட்டக்காரன் உன்னைத்தான் மொதல்ல புடுங்குவான். அதுவும் போக, நீ ஓட்டிட்டிருக்கற பைத்தான்ல பாதி லிஸ்ப்புதானே. இஃப்-எல்ஸை மொழிக்குள்ள அப்படிக் கொண்டாந்தது மெக்கார்த்தி. வேண்டாத நெனவகத்தைத் தானே கூட்டிப் பெருக்கறது லிஸ்ப்புக்காகக் கண்டுபிடிச்சது. லாம்டாங்கற பேரு கூட இங்கிருந்து போனதுதான். பங்காளி வேற வேட்டி கட்டிட்டு வந்தா, ஆள் அடையாளம் தெரியாமப் போயிருமா?

நீ திங்கக்கிழமை திங்கக்கிழமை ரெண்டு எக்செல் ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்தப் பில்லுக்குப் பணம் வந்துச்சு, எதுக்கு வரலைன்னு கண்ணு பூத்துப் போயிப் பாக்கறியே, அங்க வையி உன்ற லிஸ்ப்பை. ரெண்டு பட்டியல். ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல இருக்குதா, நில்லா? லிஸ்ட் பிராசஸிங்னு பேரு வெச்சதே இந்த மாதிரி சோலிக்குத்தானே. யாருகிட்டயும் சொல்லாதே. திங்கக்கிழமை பத்தரைக்கு முடிச்சுட்டு, மத்தியானம் வரைக்கும் கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திரு. மூணாவது வாரம் பக்கத்து சீட்டுக்காரி வந்து எப்படின்னு கேப்பா. அப்பச் சொல்லு. அதும் லிஸ்ப்புன்னு சொல்லாதே, டிபன்னு சொல்லு.

மேக்ரோவைப் பத்தி ஒரு வார்த்தை. அதை வெச்சுச் சொந்தமா ஒரு மொழியே உண்டாக்கலாம்னு துள்ளிக் குதிச்சே. உண்டாக்கலாம். நானும் மேக்ரோ இல்லாமயே அந்தப் பாவத்தைப் பண்ணினவன்தான். ஒவ்வொரு டிபனுக்கும் ரெண்டு எழுத்துல பேரு வெச்சேன். உள்ள வேரியபிளுக்கெல்லாம் ஒத்தை எழுத்து. ஒரு விளக்கம் கெடையாது. நான் ரிட்டயர்டு ஆகி ஆறு மாசம் கழிச்சு, ராத்திரி ஒம்பது மணிக்கு அந்த ஆபீஸ்ப் பையன் போன் பண்ணினான். "ஐயா, எம்எம்-ன்னு ஒரு கட்டளை இருக்குதுங்க, அது என்ன பண்ணுமுங்க?" எனக்கு நெனவு வரல. என்னவோ பைப்பு நீளத்தைக் கூட்டறதுன்னு நெனைக்கறேன், எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு ஓட்டிப் பாருப்பான்னேன். எம்எம்ங்கறது உன்ற அம்மாயி பேரோட மொத எழுத்துன்னு மட்டும் நெனவு இருந்துச்சு. அதை அவன்கிட்டயும் சொல்லல, உன்ற அம்மாயிகிட்டயும் இது வரைக்கும் சொல்லல. பேரு வெச்சவன் தோட்டத்துக்குப் போயிட்டா, பேரோட அர்த்தமும் கூடவே போயிருது அம்மிணி. நீ புது மொழி உண்டாக்கறதா இருந்தா, அதைப் பேசறதுக்கு இன்னொரு ஆளையாச்சும் மொதல்ல சேத்துக்கோ. ஒத்தை ஆளு பேசற பாஷைக்கு நம்மூர்ல வேப்பிலைதான் அடிப்பாங்க.

சரி, சும்மா பழமை பேசிட்டே இருந்தா எப்படி? உனக்கு ஒரு சோலி வெச்சிருக்கேன். மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி எழுதற ஃபைலு அந்தப் பென்டிரைவ்ல இருக்குது. பத்து வருசமா மூணு பேரு மாத்தி மாத்தி அடிச்சது. ஒரே ஆளு நாலு எடத்துல இருக்கான், செத்தவங்க பாக்கி வெச்சிருக்காங்க. அதை ஒழுங்கு பண்ணி, யாரு எத்தனை பாக்கின்னு ஒரு பட்டியல் எடுத்துக் குடு. லிஸ்ப்புல பண்ணினாலும் சரி, இட்லிப் பானையில பண்ணினாலும் சரி. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. மு. பழனிச்சாமியும் பழனிச்சாமி மு.-வும் ஒரே ஆளு. ஆனா கெழக்கு வளவு பழனிச்சாமியும் மேக்கு வளவு பழனிச்சாமியும் வேற வேற ஆளு. ரெண்டு பேருக்கும் பதினாறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஒருத்தரு பாக்கியை இன்னொருத்தரு பேருல ஏத்திட்டேன்னா, உன்ற லாம்டா ஸ்டிக்கரு வந்து காப்பாத்தாது.

எங்க எந்திரிக்கறே? உக்காரு. பூசையில வெச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விடியக்காலம் நான் மம்பட்டியை எடுக்கறப்ப நீயும் லேப்டாப்பை எடு. கீபோர்டு இடுக்குல சந்தனம் காஞ்சு கெடக்கும், பழைய பல்லு பிரஷ்ஷை வெச்சுத் தட்டி உட்டுக்கோ. இந்தா, பொரி தின்னு. கடலையைப் பொறுக்கித் தின்னுட்டு எனக்கு வெறும் பொரியை உட்டுராதே.